எனாமல் உதிர்ந்த ஐந்து வீடுகள்

எனாமல் என்பது இரும்பின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. இந்த ஒரு வரியை உலகத்துக்குப் புரியவைப்பதிலேயே என் தொழில் வாழ்க்கை முழுவதும் கழிந்தது. சுரண்டிவிட்டு மறுபடி பூசிக்கொள்ள அது சாயமன்று. நசுங்கினால் தட்டி நிமிர்த்திக்கொள்ளத் தகரமும் அன்று. ஒருமுறை சில்லு பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். மிக்சியோ, மோட்டாரோ, குளிர்சாதனப் பெட்டியோ, எதுவானாலும் சரி, புகார்த் தாளும் கையுமாக அயலார் வீட்டு வாசலில் நின்று பழகியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. நாமெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே வசவைச் சாப்பிட்டவர்கள்.

வேதியியலில் முதுகலை முடித்து, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் எனாமல் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கேயே தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்து ஓய்வும் பெற்றேன். பேரக்குழந்தைகள் கல்லூரிக்குப் போகும் வயதில் ஆலை என்னை ஆலோசகராகத் திரும்ப அழைத்தது. காரணம், சுவரில் பதிக்கும் விலையுயர்ந்த ஓவன்கள். இந்த ஓவன் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். பொத்தானை அழுத்தினால் கதவு பூட்டிக்கொள்ளும். உள்ளே வெப்பம் ஐந்நூறு டிகிரியை நெருங்கும். ஒட்டிக்கிடந்த எண்ணெயும் கொழுப்பும் எரிந்து சாம்பலாகும். ஆறியதும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். அத்தனை சூட்டையும் தாங்கி நிற்க வேண்டியது நாங்கள் பூசும் உட்புற எனாமல். அதற்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்று விற்பனைத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். அந்த உத்தரவாதத்துக்கு ஆதாரமான சோதனைச் சான்றிதழில் இருந்த கையொப்பம் என்னுடையது.

இழுப்பறையில் ஒரு கடிதம்

மாசி பிறந்த வாரத்தில் ஐந்து புகார்கள் வந்தன. ஐந்திலும் ஒரே செய்தி: உட்புறத்தில் எனாமல் உதிர்கிறது. ஐந்து ஓவன்களும் திருவள்ளூர் முகவர் ஒருவர் மூலம் விற்றவை. வாங்கிச் சில மாதங்களே ஆனவை. மேலாளர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். கெட்டிக்காரர், ஆனால் எந்தப் பிழைக்கும் உடனே ஒரு பெயர் கிடைத்தாக வேண்டும் அவருக்கு. எனாமல் உதிர்ந்தால் இரும்பைச் சரியாகக் கழுவவில்லை என்பது அவர் கணக்கு. எனாமல் பூசுமுன், ஓவனின் உட்கூடாக அமையும் இரும்பு உறைகளைக் கூடையில் அடுக்கி அமிலத் தொட்டியில் சில நிமிடங்கள் முக்கி எடுப்போம். துருவும் எண்ணெயும் போனால்தான் கண்ணாடி ஒட்டும். அந்தத் தொட்டிக்குப் பதினெட்டு ஆண்டுகளாகப் பொறுப்பு கஸ்தூரி. வீட்டில் சம்பளம் வாங்குபவர் அவர் ஒருவரே. கணவர் விபத்துக்குப் பிறகு வேலைக்குப் போவதில்லை.

மேலாளர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். கஸ்தூரியைப் பணியிடை நீக்கம் செய்யும் கடிதம். தட்டச்சு முடிந்து, தேதி மட்டும் போடாமல் இருந்தது. விசாரணைக்கு முன்பே தீர்ப்பு தயாராக இருந்தது கண்டு திடுக்கிட்டேன். ஐந்து வீடுகளையும் நேரில் பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை இது உள்ளேயே இருக்கட்டும் என்றேன். குற்றம் வாடிக்கையாளருடையதாகத்தான் இருக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் சான்றிதழ் அதுநாள்வரை பொய்த்ததில்லை. மேலாளர் இழுப்பறையை மூடிக்கொண்டே சொன்னார்: "அஞ்சும் கஸ்டமர் தப்புன்னு எழுதிக் குடுங்க மேடம், இந்த லெட்டரை உங்க எதிர்லயே கிழிச்சிடறேன். ஒண்ணே ஒண்ணு நம்ம தப்புன்னு வந்தாலும் கஸ்தூரி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

வெள்ளிப் பூச்சு

எளாவூர்ச் சோதனைச் சாவடிக்கு அப்பால், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரத்தில், ஏழு லாரிகளுக்கு உரிமையாளர் ஒருவர் மூன்றடுக்கு வீடு கட்டியிருந்தார். சமையலறைச் சுவரில் எங்கள் ஓவன். கதவைத் திறந்தேன். கருநீலமாக இருக்க வேண்டிய உட்புறம் பளபளவென்று வெள்ளிநிறத்தில் மின்னியது. வேறு யாருடைய தயாரிப்பையோ பார்க்கிறேனோ என்று வரிசை எண்ணைச் சரிபார்த்தேன், எங்களுடையதுதான். நகத்தால் தொட்டதும் வெள்ளி தோலாக உரிந்து வந்தது. அடியில் உப்புத்தாள் தேய்த்த கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

"அது ஒண்ணுமில்ல மேடம். சில்லு சில்லா உதிர்ந்துக்கினே இருந்திச்சி. நம்ம டிரைவரு உப்புத்தாள் போட்டு நல்லா தேச்சி, ரெண்டு கோட்டு சில்வர் அடிச்சி வுட்டாரு" என்றார் உரிமையாளர் பெருமையுடன். என்ன சில்வர் என்று கேட்டேன். லாரியின் புகைக்குழாய்க்கு அடிக்கும் பெயிண்டாம். முந்தின நாள் அதே ஓவனில் முழுக்கோழி ஒன்றை வேகவைத்து, குடும்பமே சாப்பிட்டிருக்கிறது. உணவு வேகும் இடத்தில் வாகனப் பெயிண்டை அடிக்கலாமா, அது நஞ்சல்லவா என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இன்னா மேடம் நீங்க, கல்கத்தா வரைக்கும் போய்க்கினு வர்ற வண்டி சைலன்சர்லயே நிக்குது. ஊட்டுக்குள்ள சும்மா கீற டப்பாவுல நிக்காதா?"

தோசைக்கல் வைத்தியம்

பள்ளிப்பட்டில் மணிலாக்கொட்டை வியாபாரி ஒருவரின் வீடு. சமையலறை முழுவதும் அவருடைய தாயாரின் ஆட்சி. நான் வருகிறேன் என்று தெரிந்து ஓவனை முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தார். "இப்படி உக்காந்து பாரும்மா" என்று எனக்கு முக்காலி போட்டுவிட்டு, "நைனா, அந்த வெங்காயம் கொண்டா" என்று மகனிடம் சொன்னார். பாதியாக அரிந்த வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தோய்த்து, கொதிக்கும் ஓவனின் தரையில் நாலாபுறமும் தேய்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கை தண்ணீரை அள்ளி உள்ளே வீசினார்.

சுட்ட கண்ணாடியின்மேல் குளிர்ந்த நீர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் ஆண்டுதோறும் புதிய ஊழியர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். கண்ணெதிரே அது நடந்ததை அன்றுதான் பார்த்தேன். 'சொய்' என்ற ஒலி அடங்கியதும் குனிந்து பார்த்தால், ஓவனின் தரையெல்லாம் சிலந்தி வலைபோல நுண்ணிய விரிசல்கள். இரும்பு எதுவானாலும் முதலில் பழக்க வேண்டும், எங்கள் வீட்டுக் கல் எல்லாமே இப்படிப் பழகியவைதாம் என்று அம்மையார் எனக்கு விளக்கினார். பிறகு குறையைச் சொன்னார். அது எனாமலைப் பற்றியதே அன்று. மாவை ஓவனின் தரையிலேயே ஊற்றியிருக்கிறார். "சத்தம் நல்லா வருது பாத்தியாம்மா. அப்புறம் ஏன் தோசை மட்டும் எடுக்கவே வர்ல?"

கிழக்குப் பார்த்த ஓவன்

திருப்பாச்சூரில் நெல் நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பம். மகள் கல்யாணத்துக்குச் சமையலறையைப் புதுப்பித்தபோது இந்த ஓவனைப் பதித்திருக்கிறார்கள். தைப்பொங்கலன்று காலையில் விடாத தூறல். முற்றத்தில் அடுப்பு மூட்ட முடியவில்லை. ஓவனின் கதவு கிழக்கே பார்த்திருந்தது. ஆகவே புதுப்பானைக்கு மஞ்சள் கட்டி, அரிசியும் பாலும் வெல்லமும் இட்டு, உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்று, பொங்கியபோது குலவையும் இட்டார்களாம். வெல்லப்பால் ஓவனின் தரை முழுவதும் ஓடி, இறுகி, மூன்று நாள் அப்படியே கிடந்திருக்கிறது. நான்காம் நாள் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.

எனாமலுக்குச் சர்க்கரையைப் போன்ற பகைவன் வேறில்லை. கொழுப்பு எரிந்து சாம்பலாகும். வெல்லம் உருகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு, கரியாகிச் சுருங்கும்போது அதையும் சேர்த்துப் பிய்த்தெடுக்கும். ஓவனின் தரையில் உள்ளங்கை அளவுக்கு இரும்பு வெளியே தெரிந்தது. வழிந்ததை உடனே ஏன் துடைக்கவில்லை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். வீட்டுத் தலைவி இடுப்பில் செருகியிருந்த விற்பனைத் தாளை எடுத்து என் முன் நீட்டினார். "பொங்கி வழிஞ்சதைத் தொடைச்சா லட்சுமியைத் தொடைச்ச மாதிரி. அதான் தானா சுத்தம் பண்ணிக்கும்னு நீங்களே இதுல போட்டுக்கீறீங்களேம்மா."

கையேட்டுக்கு அட்டை போட்டவர்

மூன்று வீடுகள், மூன்றும் அவர்கள் பிழை. வண்டியிலிருந்தே மேலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். கஸ்தூரியின் கடிதம் கிழிபடும் ஓசை காதில் கேட்பதுபோல் இருந்தது. அந்த நிறைவோடுதான் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்காரர் ஏரியில் படகு விடுபவர். அவர் மனைவி பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் கேக் செய்து கொடுத்து ஊரில் நல்ல பெயர் வாங்கியவர். ஓவனின் கையேட்டுக்குப் பள்ளிப் புத்தகம்போலப் பழுப்பு அட்டை போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு நோட்டு. என்றைக்கு எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், என்றைக்குச் சுத்தம் செய்தது, எந்தத் துணியால் துடைத்தது என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். என் ஆய்வுக்கூடத்தில் இப்படி எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

நாற்பது நிமிடம் ஓவனுக்குள் தலையை விட்டுக் குற்றம் தேடினேன். கீறல் இல்லை, விரிசல் இல்லை, கறை இல்லை. ஆனால் பின்சுவரின் மேல்மூலையில், தட்டும் கையும் எட்டாத இடத்தில், நகக்கண் அளவில் அரைநிலாக்களாகச் சில்லுகள் பெயர்ந்திருந்தன. எனாமல் நூல்களில் இதற்கு மீன்செதில் என்றே பெயர். இது வெளியிலிருந்து வரும் அடியால் விழுவதில்லை. இரும்புக்குள் அடைபட்ட வாயு உள்ளிருந்து முட்டிக் கண்ணாடியைப் பெயர்த்துத் தள்ளுவது. அன்றாடம் மீன் ஆயும் அந்தப் பெண்மணியிடம் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "நான்தான் அப்பவே சொன்னேனே, அத்த கையில குடுத்தா இப்படித்தான் ஆவும்னு" என்று அவருடைய மருமகள் கதவோரத்திலிருந்து முணுமுணுத்தாள். மாமியார் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்கம்மா. எழுதிக்கினு, இனிமே பண்ணாம இருக்கேன்."

பட்டுத்துணிக்குள் குத்துவிளக்கு

இனி ஒரு வீடுதான் பாக்கி. பழவேற்காட்டில் கண்டது ஏதோ விதிவிலக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, திருவள்ளூரில் புதுமணத் தம்பதியர் குடியிருக்கும் அடுக்ககத்துக்குப் போனேன். ஓவனைத் திறந்தால் உள்ளே கல்யாணப் பரிசுகள்: பட்டுத்துணியில் சுற்றிய குத்துவிளக்கு இரண்டு, கடிகாரம் மூன்று, பிரிக்காத தேநீர்க் கோப்பைகள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு விளக்கடித்துப் பார்த்தேன். ஓவனின் தரையில் வெட்டிப்போட்ட நகங்களைப்போல எனாமல் சில்லுகள் சிதறிக்கிடந்தன. பின்சுவரிலும் கூரையிலும் அதே அரைநிலாக்கள். சூடு, தண்ணீர், வெல்லம், உப்புத்தாள் என்று நான் கைவசம் வைத்திருந்த காரணங்களில் ஒன்றைக்கூட அந்த வீட்டில் வைக்க இடமில்லை. அந்தப் பெண் குற்றம் செய்துவிட்ட முகத்தோடு சொன்னாள்: "பாட்டி, இதை நாங்க ஆன் பண்ணினதே இல்ல. சொல்லப்போனா இன்னும் பிளக்கே சொருகல."

தொட்டியில் தங்கிய கூடை

ஆலைக்குத் திரும்பி, முதல் மூன்று வீடுகளில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பள்ளிப்பட்டிலும் திருப்பாச்சூரிலும் மேல்மூலைகளில் அரைநிலாக்கள் தெளிவாகத் தெரிந்தன. எளாவூர்க்காரரோ, சில்லு சில்லாக உதிர்ந்த பிறகுதான் பெயிண்ட் அடித்ததாக என்னிடம் வாய்விட்டே சொல்லியிருந்தார். குற்றவாளியைத் தேடிப் போன எனக்குக் குறை கண்ணில் படவில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அதற்குப் பிறகுதான் செய்தேன்: ஐந்து வரிசை எண்களையும் வைத்துக்கொண்டு அமிலத் தொட்டியின் பதிவேட்டைப் புரட்டினேன். ஐந்து உறைகளும் ஒரே கூடை. கஸ்தூரியின் திருத்தமான கையெழுத்தில் நேரம் பதிவாகியிருந்தது. தொட்டியில் இறக்கியது, ஆயுத பூஜையன்று காலை பத்தேகால். தூக்கியது, மறுநாள் காலை ஆறு மணி. சில நிமிடங்கள் இருக்க வேண்டிய இரும்பு, ஏறத்தாழ இருபது மணி நேரம் அமிலத்தில் ஊறியிருக்கிறது.

தொட்டியின் வெப்பமூட்டியை அணைத்திருந்ததாலும், மாற்ற வேண்டிய பழைய அமிலம் என்பதாலும், இரும்பு கண்ணுக்குத் தெரியும்படி அரிபடவில்லை. ஆனால் இரவெல்லாம் ஹைட்ரஜனைக் குடித்திருக்கிறது. அது மெல்ல வெளியேற முயன்றபோதுதான் கண்ணாடி உதிர்ந்தது. தொகுதிக்கு ஒன்று எடுத்து ஒரு நாள் முழுவதும் சூட்டில் வைத்து, செதில் விழுகிறதா என்று பார்த்த பிறகே நான் சான்றிதழில் கையொப்பமிடுவேன். அந்தத் தொகுதிக்கான மாதிரியைப் பூஜைக்கு முந்தின நாளே எடுத்து வைத்துவிட்டேன். இந்தக் கூடையை அது அறியாது.

கஸ்தூரியை அழைத்துப் பதிவேட்டைக் காட்டி, ஏன் தூக்கவில்லை என்று கேட்டேன். அவர் பதறவில்லை. கூடையைத் தூக்கும் ஹாய்ஸ்டுக்கு, அதைத் தொட்டியில் இறக்கிய கையோடு சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை போட்டோம் என்று நினைவூட்டினார். மறுநாள் உறைகள் சற்று மங்கலாக இருக்கின்றன என்று அவர் காட்டியதும், நான் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றதும் எனக்கே நினைவு வந்தன. எத்தனை மணி நேரம் ஊறியது என்று நான் கேட்கவில்லை. பூஜையன்றே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "சொல்லத்தான் மேடம் பக்கத்துல வந்து நின்னேன். பூஜை போட்ட மெஷினை நாளைக்கு வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு மைக்ல சொன்னதே நீங்கதான். சொல்லிட்டுக் கண்ண மூடிக்கினு சாமி கும்பிட்டீங்க. நான் எங்க கேக்குறது?"

படிவம் இல்லாத தண்டனை

அறிக்கையை அன்றே எழுதினேன். காரணம்: அமிலத்தில் அளவுமீறி ஊறல். ஊறக் காரணம்: பூஜைக்குப் பின் ஹாய்ஸ்டை இயக்கக் கூடாதென்ற ஆணை. ஆணையிட்டவர் என்ற இடத்தில் என் பெயரையும் கல்வித் தகுதியையும் எழுதிக் கையொப்பமிட்டேன். சரிபார்க்காமல் தேர்ச்சி அளித்தவர் என்ற இடத்திலும் அதே பெயர். மேலாளர் இரண்டு முறை படித்தார். பிறகு அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும் என்றார். தொட்டிக்குப் பொறுப்பு கஸ்தூரிதானே, ஆணையை மீறியாவது தூக்கியிருக்க வேண்டாமா என்றார். அத்தனை ஆண்டுகள் அந்த ஆலையில் என் ஆணையை மீறியவர் எவருமில்லை என்பதில் நான் எவ்வளவு பெருமை கொண்டிருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது; அந்த நினைவு சுகமாக இல்லை.

இழுப்பறையைத் திறக்கச் சொன்னேன். கஸ்தூரிக்கு அந்தக் கடிதம் போகுமானால், இனி ஒரு சான்றிதழிலும் என் கையொப்பம் இருக்காது, ஒரு ஓவன்கூட இந்த வாயிலைத் தாண்டாது என்றேன். அவர் கடிதத்தை எடுத்து, முன்பு சொன்னதுபோலவே என் எதிரில் இரண்டாகக் கிழித்தார். கிழித்த கடிதத்துக்குப் பதிலாக எனக்கொன்று தட்டச்சு செய்து கொடுங்கள், ஒரு மாதம் நான் வெளியே இருக்கிறேன் என்றேன். அவர் கணினியில் நெடுநேரம் தேடிவிட்டு நிமிர்ந்தார். "கன்சல்டன்ட்டை சஸ்பெண்ட் பண்ண நம்மகிட்ட ஃபார்மேட்டே இல்ல மேடம். இருக்கிறது எல்லாமே ஒர்க்கருக்குத்தான்."

எழுத்து மூலமாக

ஐந்து வீடுகளுக்கும் புதிய ஓவன்கள் போயின. பெயிண்ட் அடித்தவருக்கும் தோசை ஊற்றியவருக்கும்கூட. எங்கள் பிழைக்கு அவர்கள் பிழை ஈடாகாது என்று மேலாளரிடம் வாதாட வேண்டியிருந்தது. பழவேற்காட்டுக்கு மட்டும் நானே மறுபடியும் போனேன். தவறு உங்களுடையது அன்று, எங்கள் ஆலையுடையது, அதிலும் குறிப்பாக என்னுடையது என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். அழுவார் என்றோ திட்டுவார் என்றோ எதிர்பார்த்து இரண்டுக்கும் ஆயத்தமாகப் போயிருந்தேன். அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நோட்டில் ஒரு புதிய பக்கத்தைப் புரட்டி, பேனாவோடு என்னிடம் நீட்டினார். "இதையே இதுல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்கம்மா. மருமவ படிக்கட்டும்."

தொட்டி காலி

ஆலையில் ஒரு புதிய விதி எழுதினேன். பூஜை நாளில் தொட்டி காலியாக இருக்கிறது என்று அமிலத் தொட்டிப் பொறுப்பாளர் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே கற்பூரம் ஏற்றப்பட வேண்டும். மேலாளரோ ஆலோசகரோ சொன்னாலும் அதற்குமுன் ஏற்றக் கூடாது. விதித்தாளைக் கஸ்தூரியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நிதானமாகப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தம் பெயரில் ஒரு கடிதம் மூன்று வாரம் இழுப்பறையில் இருந்தது அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரியும் என்பது அவர் அடுத்துப் பேசிய தோரணையில் விளங்கியது. "அடுத்த வருசம் நீங்க கண்ண மூடிக்கினு நில்லுங்க மேடம், தப்பில்ல. கற்பூரத் தட்டு மட்டும் என் கையில இருக்கட்டும்."

எங்கள் எனாமல் எத்தனை காலம் உழைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது தயங்காமல் விடை சொல்கிறேன்: கஸ்தூரியைக் கேட்டுச் செய்ததென்றால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை, நான் மைக்கில் பேசிய நாளில் செய்ததென்றால் மாசி பிறக்கும் வரை.